சேர்ந்து எழுத எந்தக் கருவி? கூகுள் டாக்ஸ், வேர்ட், நோஷன்: நாங்கள் எடுத்தது எது, ஏன்

எங்கள் குழுவின் முக்கால்வாசி வேலை எழுத்து வேலைதான். முன்மொழிவுகள், ஒப்பந்த வரைவுகள், அறிக்கைகள். ஒருவர் தொடங்குவார், இன்னொருவர் திருத்துவார், மூன்றாமவர் எண்களைச் சரிபார்ப்பார். இதற்கு ஒரே கருவியில் எல்லோரும் நிற்பது என்று முடிவெடுத்தபோது கடைசியில் மிஞ்சியவை மூன்று: கூகுள் டாக்ஸ், மைக்ரோசாஃப்டின் இணையச் சேமிப்பிடமான ஒன்டிரைவில் வைத்துப் பகிரும் வேர்ட் ஃபைல், நோஷன். நாங்கள் வேர்டை எடுத்தோம். சேர்ந்து எழுதும் சுகத்தில் அது முதலிடம் இல்லை என்று தெரிந்தேதான் எடுத்தோம்.

பலர் ஒரே நேரத்தில் தட்டுவது, ஓரத்தில் குறிப்பு எழுதுவது, பெயரைச் சுட்டி ஒருவரைக் கூப்பிடுவது எல்லாம் மூன்றிலும் உண்டு. அதைப் பற்றிப் பேசி நேரத்தைக் கடத்த வேண்டாம்.

வேகத்தில் கூகுள் டாக்ஸை அடித்துக்கொள்ள ஆளில்லை. 2010-இல் அவர்கள் எடிட்டரையே புதிதாக எழுதி, ஒவ்வொரு எழுத்தும் உடனுக்குடன் மற்றவர் திரையில் தெரியும்படி செய்தார்கள். அதன் அடியில் இருக்கும் உத்தி 1989-இல் எல்லிஸ், கிப்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் முன்வைத்தது. நீங்கள் முதல் வரியின் தொடக்கத்தில் ஐந்து எழுத்து சேர்க்கிறீர்கள். அதே நொடியில் சக ஊழியர் இருபதாவது எழுத்தை அழிக்கிறார். அவருடைய கட்டளை உங்களிடம் வந்து சேரும்போது ‘இருபது’ என்பது ‘இருபத்தைந்து’ என்று மாற வேண்டும், இல்லையென்றால் வேறு எழுத்து அழியும். இந்தக் கணக்கை கூகுள் டாக்ஸ் நமக்குத் தெரியாமலே போட்டுவிடுகிறது. வேர்ட் 2010-இல் ஒருவர் திருத்தும் பத்தி மற்றவருக்குப் பூட்டப்படும், சேமித்தால்தான் மாற்றம் போய்ச் சேரும். வேர்ட் 2016-க்குப் பிறகு அது நேரடியாகவே நடக்கிறது. ஆனாலும் மற்றவர் எழுதியது நம் திரைக்கு வருவதற்குள் சில நொடி தாமதம் இன்றும் தெரிகிறது.

நோஷன் வேறு வகை. கூட்டக் குறிப்பு, வேலைப் பட்டியல், புதிதாகச் சேர்ந்தவருக்கான வழிகாட்டி எல்லாவற்றையும் ஒன்றோடொன்று இணைத்து வைக்க அது அருமை. பக்க எண்ணும் அடிக்குறிப்பும் வேண்டிய நீளமான ஒப்பந்தத்துக்கு அது சரிவராது. எங்களுக்கு அது அங்கேயே முடிந்துவிட்டது.

எங்கள் முடிவைத் தீர்மானித்தது ஒரே கேள்விதான்: இந்தச் சேவை நாளை நின்றுபோனால் நம் கையில் என்ன இருக்கும்?

இது வெறும் பயமில்லை, இந்தத் துறையின் வரலாறே அப்படி. இணையத்தில் சேர்ந்து எழுத ஈதர்பேட் என்ற சேவை 2008-இல் வந்தது, 2009 டிசம்பரில் கூகுள் வாங்கியது, 2010-இல் மூடப்பட்டது. பயனர்கள் கொதித்ததால் மூல நிரலைத் திறந்துவிட்டார்கள். அதனால்தான் இன்றும் சொந்த சர்வரில் ஈதர்பேட் ஓட்ட முடிகிறது. அதேபோன்ற ஹேக்பேட் சேவையை டிராப்பாக்ஸ் நிறுவனம் 2014-இல் வாங்கியது, 2017-இல் நிறுத்தியது. இரண்டிலும் பயனர்கள் கெடு தேதிக்குள் தங்கள் எழுத்தை வெளியே எடுக்க வேண்டியிருந்தது.

டாக்வெர்ஸ் கதை மட்டும் கொஞ்சம் வேறு மாதிரி. மைக்ரோசாஃப்டில் வேலை பார்த்த இருவர் 2007-இல் தொடங்கிய சின்ன நிறுவனம் அது. புது எடிட்டர் எதையும் அவர்கள் கட்டவில்லை. ஊழியர்கள் ஏற்கெனவே பழகிய வேர்டும் எக்செலும் அப்படியே இருக்கட்டும், மாற்றங்களை ஒத்திசைக்கும் ஓர் அடுக்கை மட்டும் அதன்மேல் வைப்போம் என்றார்கள். 2010-இல் கூகுள் அதையும் வாங்கி, கிளவுட் கனெக்ட் என்ற பெயரில் வெளியிட்டு, 2013 ஏப்ரலில் நிறுத்தியது. ஆனால் நின்றது ஒத்திசைவு மட்டும்தான். ஆவணங்கள் அவரவர் கணினியில் வேர்ட் ஃபைல்களாகவே கிடந்தன. சேவை போனாலும் எழுத்து போகாத அமைப்பு அது. அந்த யோசனை சரியானது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இன்று அந்த யோசனைக்கு மிக அருகில் இருப்பது ஒன்டிரைவும் வேர்டும் சேர்ந்த ஏற்பாடு. வேர்ட் ஃபைலின் டாக்எக்ஸ் (.docx) வடிவம் 2008-இலிருந்து ஐஎஸ்ஓ என்ற பன்னாட்டுத் தர அமைப்பின் தரநிலை; இலவச மென்பொருளான லிப்ரே ஆஃபிஸிலும் திறக்கலாம், வடிவமைப்பு இங்கங்கே நகரும், அவ்வளவுதான். ஓரக் குறிப்புகளும், யார் எதை மாற்றினார் என்ற தடமும் ஃபைலுக்குள்ளேயே பயணிக்கின்றன. பழைய பதிப்பு வேண்டுமா, அதைத் தனி ஃபைலாகவே இறக்கிக்கொள்ளலாம். ஒப்பந்த வேலையில் இது பெரிய விஷயம். ‘இந்தப் பிரிவு எப்போது மாறியது’ என்று எதிர்த்தரப்பு கேட்டால் அந்தப் பதிப்பையே அனுப்பிவிடுகிறோம்.

கூகுள் டாக்ஸிலிருந்தும் வேர்ட் ஃபைலாக இறக்கலாமே என்று கேட்கலாம். இறக்கலாம், ஆனால் கிடைப்பது இப்போதைய நிலை மட்டும். மாற்ற வரலாறு அங்கேயே தங்கிவிடும். கணினியில் ஒத்திசைந்து தெரியும் கூகுள் டாக்ஸ் ஃபைல் உண்மையில் இணையத்தில் இருக்கும் ஆவணத்துக்கான ஓர் இணைப்புதான். அதற்குள் உங்கள் வாக்கியம் ஒன்றுகூட இல்லை. நோஷன் பக்கங்களை மார்க்டவுன் என்ற எளிய உரை வடிவத்திலும், அட்டவணைகளை சிஎஸ்வி என்ற எளிய அட்டவணை வடிவத்திலும் தரும். எழுத்து வரும். ஆனால் அட்டவணைகளுக்கு இடையே பார்த்துப் பார்த்துக் கட்டிய தொடர்புகள் சிஎஸ்வியில் வெறும் எழுத்தாகிவிடும். நோஷனை எடுப்பதே அந்தத் தொடர்புகளுக்காகத்தான் என்னும்போது இது சின்ன இழப்பில்லை.

வேர்டின் குறைகளையும் சொல்லத்தான் வேண்டும். கடவுச்சொல் போட்டுப் பூட்டிய ஃபைலில் சேர்ந்து எழுத முடியாது. பழைய டாக் (.doc) வடிவத்திலும் முடியாது, மாற்றிக்கொள்ள வேண்டும். தானியங்கிச் சேமிப்பை யாராவது அணைத்துவிட்டு எழுதினால், சேமிக்கும்போது மோதல் வந்து ஒரே ஃபைலுக்கு இரண்டு நகல் முளைக்கலாம். உரிமக் கட்டணமும் உண்டு. எங்களிடம் மாற்றுக் கருத்து உள்ளவர்களும் இருக்கிறார்கள். அவசர வரைவுக்கு அவர்கள் இன்னும் கூகுள் டாக்ஸைத்தான் திறக்கிறார்கள், அதில் தப்பில்லை. முடிந்ததும் வேர்டுக்குக் கொண்டுவந்துவிடுங்கள் என்பது மட்டும்தான் விதி.

எங்களுடையது சின்னக் குழு. நூற்றுக்கணக்கானோர் ஒரே ஆவணத்தைத் தொடும் இடங்களில் இந்த ஏற்பாடு எப்படி நடந்துகொள்ளும் என்று என் அனுபவத்திலிருந்து சொல்ல முடியாது. சொந்த சர்வரில் ஈதர்பேடை கொஞ்ச காலம்தான் ஓட்டிப் பார்த்தோம். முழு மாற்ற வரலாற்றையும் ஒரே ஃபைலாக வெளியே தருவதில் அது வேர்டையும் மிஞ்சுகிறது. ஆனால் சர்வரைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும், எங்களிடம் இல்லை. அப்படி ஒருவர் உங்கள் குழுவில் இருந்தால், எளிய வரைவுகளுக்கு அதையும் யோசித்துப் பாருங்கள்.

வேர்டை எடுப்பவர்கள் முதல் நாளே ஒன்றைச் செய்துவிடுங்கள். ஒன்டிரைவ் இடத்தை மிச்சப்படுத்த, பல ஃபைல்களின் பெயரை மட்டும் கணினியில் காட்டி, உள்ளடக்கத்தை இணையத்திலேயே வைத்திருக்கும். அப்படி விட்டால் ஃபைல் கையில் இருக்கிறது என்று நாம் சொல்வதற்கே பொருளில்லை. முக்கியமான கோப்புறையின் மேல் வலது சொடுக்கி, எப்போதும் இந்தக் கணினியில் வைத்திருக்கும் தேர்வைப் போட்டுவிடுங்கள். அப்புறம் இணையத்தைத் துண்டித்துவிட்டு ஒரு ஃபைலைத் திறந்து பாருங்கள். எங்கள் குழுவில் குறைந்தது இருவர் கணினியிலாவது அந்தக் கோப்புறை முழுசாக இருக்க வேண்டும் என்று வைத்திருக்கிறோம்.