தேவார வகுப்பு வீடியோவை எங்கே வைப்பது?

தென்னாப்பிரிக்காவின் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் தேவார வகுப்பு நடத்தும் அக்கா ஒருவர், "தம்பி, பாட்டு வீடியோவை எங்கே போட்டால் தொல்லை இல்லை?" என்று கேட்டார். டர்பனில் எங்கள் வகுப்பின் இணையதளத்தை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். இரண்டு வழியையும் பார்த்தாகிவிட்டது.

முதலில் இலவச வீடியோ தளத்தில் ஏற்றி, எங்கள் பக்கத்திலேயே ஓடும்படி எம்பெட் செய்தோம். இடப் பிரச்சினை இல்லை, நெட் வேகத்துக்கு ஏற்பத் தரத்தை அதுவே கூட்டிக் குறைத்துக்கொள்ளும். ஆனால் பதிகம் தொடங்கும் முன் விளம்பரம் கத்தும். அதுவும் யாருடைய டேட்டாவில்? பிள்ளையின் அம்மா ஏர்டைம் போட்டு வாங்கிய டேட்டாவில். பாட்டு முடிந்ததும் சம்பந்தமே இல்லாத வீடியோக்கள் வரிசைகட்டி நிற்கும். இன்றுவரை எனக்கு அது ஆறவில்லை.

அதனால் எம்பி4 வீடியோ கோப்புகளைச் சொந்த ஹோஸ்டிங்கில், அதாவது எங்கள் இணையதளம் இருக்கும் வாடகை சர்வரிலேயே வைத்தோம். ஃபோனில் எடுத்ததை அப்படியே போட்டால், தட்டியதும் சக்கரம்தான் சுற்றியது. எந்தக் காட்சி எங்கே இருக்கிறது என்று சொல்லும் 'மூவ்' அட்டவணை பெரும்பாலும் கோப்பின் கடைசியில் இருக்கும். அது கைக்கு வராமல் பிரவுசரால் ஓட்ட முடியாது. எஃப்எஃப்எம்பெக் என்ற வீடியோ மென்பொருளில் '-c copy'யோடு 'ஃபாஸ்ட்ஸ்டார்ட்' கொடுத்தால், வீடியோவை மறுபடி என்கோட் செய்யாமலே அட்டவணை முன்னுக்கு வந்துவிடும். அன்று பக்கத்தைத் திறந்து தட்டினேன். விரலை எடுப்பதற்குள் தாளம் கேட்டது! ஆசை தீரத் தட்டித் தட்டிப் பார்த்தேன்.

ஐஃபோனுக்கு, பக்கத்தின் வீடியோ டேக்கில் 'ப்ளேஸ்இன்லைன்' என்ற சொல் கட்டாயம். இல்லாவிட்டால் வீடியோ முழுத்திரைக்குத் தாவி, கீழே நாங்கள் போட்டிருக்கும் பாட்டு வரிகளை மறைத்துவிடும். தமிழ் எழுத்து இன்னும் கைவராத பிள்ளைகள் அந்த வரிகளை ஆங்கில எழுத்தில் பார்த்துத்தான் கூடவே பாடுகிறார்கள். தட்டுமுன்பே வீடியோவை இறக்குவதா என்று சொல்லும் 'ப்ரீலோட்'டை 'நன்' என்று வைத்துவிடுங்கள், தட்டாதவர் டேட்டா வீணாகாது. நொடிக்கு 5 மெகாபிட், அதாவது 5 எம்பிபிஎஸ்ஸில் 10 நிமிடப் பாட்டு 375 எம்பி தின்னும். 1 எம்பிபிஎஸ்ஸில் 75 போதும். பாடுகிறவர் வாயசைவு தெரிய 480பி என்ற சின்னப் பட அளவே தாராளம்.

இவ்வளவு சொன்ன பிறகும், அக்கா, நீங்கள் இலவசத் தளத்திலேயே போடுங்கள். தைப்பூசக் காவடி வீடியோவை ஏற்றியதும் ஊரே வந்து பார்த்ததில், எங்கள் ஹோஸ்டிங்கின் மாத டேட்டா கோட்டா தீர்ந்து தளமே படுத்துவிட்டது. கேட்டால் கூடுதல் பணம் கட்டச் சொன்னார்கள். கூட்டம் வரும் வீடியோவைச் சின்ன ஹோஸ்டிங் தாங்காது. காவடியை நானும் அங்கேயே மாற்றிவிட்டேன்.

பதிகங்களை மட்டும் மாற்றமாட்டேன்.