மண்டபம் கரையில் ஆறு மாதம்: யுஎஸ்பி ரேடியோ ரிசீவர், ஒரு மதிப்புரை

ஆர்டிஎல்2832யூ சில்லும் ஆர்820டி2 டியூனரும் கொண்ட விரல்நீள யுஎஸ்பி ரிசீவர் ஒன்றை, செயற்கைக்கோள் சிக்னல்களுக்கு நேரும் குறுக்கீட்டை அளப்பதற்காகவே வாங்கி, ஆறு மாதமாக மண்டபம் கடற்கரையில் பயன்படுத்தி வருகிறேன். ஏறத்தாழ 24 முதல் 1,766 மெகாஹெர்ட்ஸ் வரை எடுக்கும். இந்தியாவின் வழிகாட்டிச் செயற்கைக்கோள் அமைப்பான நாவிக்கின் எல்5 அதிர்வெண்ணான 1,176.45, விமானங்கள் தம் இருப்பிடத்தை அறிவிக்கும் 1,090 ஆகிய இரண்டும் அதற்குள் வருகின்றன.

நாவிக் சிக்னல் இரைச்சல் மட்டத்துக்கும் கீழே கிடப்பதால் திரையில் தெரியாது. சுற்றியுள்ள இரைச்சல் எப்போது, எதனால் ஏறுகிறது என்பதைத்தான் பார்க்கலாம். செயற்கைக்கோள் தொடர்பை வடிவமைப்பவருக்கு வேண்டியதும் அதுவே. 1967இல் எல்இஎஸ்-5 என்ற சோதனைத் தகவல்தொடர்புச் செயற்கைக்கோள் ஏவப்படுவதற்கு முன், அமெரிக்காவின் லிங்கன் ஆய்வகத்தார் விமானத்தில் கருவிகளை ஏற்றி நகரங்களின் மேல் பறந்து இரைச்சலை அளந்தார்கள்.

முதல் மாதம் கெயினை, அதாவது சிக்னலைப் பெருக்கும் அளவை, 49.6 டெசிபல் என்ற உச்சத்தில் வைத்திருந்தேன். விமானம் தாழப் பறக்கும்போதெல்லாம் 1,176இல் திரையின் குறுக்கே கோடு கோடாக விழுந்தது. நாவிக்குக்கு விமானத்தால் இடையூறு என்றே குறித்து வைத்தேன். பிறகு கெயினை 30க்கு இறக்கினேன். மெய்யான குறுக்கீடாயின் பின்னணி இரைச்சலோடு சேர்ந்து அதுவும் தாழ்ந்திருக்க வேண்டும். கோடுகளோ அடியோடு மறைந்தன. 1,090இன் வலுவான துடிப்புகள் ரிசீவரைத் திணறடித்து உள்ளேயே உண்டாக்கிய பொய்த்தடம் அது. விமானத் தொலைவளவிக் கருவிகள் 960 முதல் 1,215 வரை இயங்குவதால் அங்கே மெய்யான குறுக்கீடும் உண்டு. இரண்டையும் பிரித்தறிய, ஆன்டெனாவுக்கும் ரிசீவருக்கும் நடுவே, வேண்டிய அதிர்வெண்ணை மட்டும் உள்ளே விடும் ஃபில்டர் ஒன்றைத் தவறாமல் போடுங்கள்.

கடற்கரையில் இதன் உண்மையான பகை உப்புக்காற்று. மூன்றாம் மாதமே ஆன்டெனா இணைப்பில் பச்சைக் களிம்பு பூத்தது. சுரண்டித் துடைத்து, சைக்கிள் டியூபை வெட்டி இறுகக் கட்டிய பிறகுதான் நின்றது. வெயிலில் கை வைக்க முடியாதபடி சுடுவதால் நிழலில் வைப்பது நல்லது. விசைப்படகில் வைத்துப் பார்த்தபோது, விமானத்தைவிடப் படகின் எல்இடி விளக்குகளே விஎச்எஃப் பகுதியில் (30 முதல் 300 மெகாஹெர்ட்ஸ்) இரைச்சலைக் கூடுதலாக ஏற்றின. அதைக் கண்டுபிடித்ததற்கே கொடுத்த காசு தகும் என்பேன்.

எட்டு பிட் கருவி இது; நேற்றைக்கு இன்று எவ்வளவு கூடியது என்று காட்டுமே தவிர, துல்லியமான திறன் அளவைத் தராது. படகுகளில் செய்தி அனுப்பப் பொருத்தும் செயற்கைக்கோள் டிரான்ஸ்பான்டர், ஜிசாட்-6 என்ற இந்தியச் செயற்கைக்கோள் வழியே பயன்படுத்தும் எஸ் அலைவரிசை 2,000 மெகாஹெர்ட்ஸுக்கும் மேலே இருப்பதால், அதை அளக்க விரும்பும் மீனவ நண்பர்கள் இதை வாங்க வேண்டாம்.