‘சத்தமே வராது மேடம்’: பாண்டியில் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்து வாங்கப் போகிறவர்கள் கவனத்துக்கு

டிவியோடு இணைத்துப் படம் பார்க்கவும் பாட்டுக் கேட்கவும் சத்தம் போடாத கம்ப்யூட்டர் ஒன்றைப் பாண்டிச்சேரியில் அசெம்பிள் செய்து வாங்கலாம் என்று நினைப்பவர்கள், பணம் கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். நான் எழுதிக் கொடுத்த பட்டியல் ஒன்று, கடலூரில் என் வீட்டுக்கு வந்த பெட்டிக்குள் இருந்தது வேறொன்று. புகார் நடந்துகொண்டிருப்பதால் கடையின் பெயரைப் போடவில்லை. ஆனால் எந்தெந்த இடத்தில் கை வைத்தார்கள் என்பதை முழுதாகச் சொல்லிவிடுகிறேன். இதே வேலையை அடுத்தவரிடமும் செய்வார்கள்.

என் அப்பா ராத்திரியில் கச்சேரி கேட்பவர். மஞ்சக்குப்பத்தில் தெரு அடங்கிய பிறகு, சின்னச் சத்தத்தில் வைத்துக் கேட்பார். ஆலாபனையின் நடுவே விசிறி இரைந்தால் அவருக்கு எல்லாம் போயிற்று. அதனால் பட்டியலைப் பார்த்துப் பார்த்துத்தான் எழுதினேன்: இன்டெல் கோர் ஐ3 12100 பிராசஸர், 16 ஜிபி ரேம், 500 ஜிபி எஸ்எஸ்டி, நிமிடத்துக்கு 5400 சுற்று மட்டும் மெதுவாகச் சுற்றும் ஹார்ட் டிஸ்க், 120 மில்லிமீட்டர் நான்கு பின் விசிறி இரண்டு, மின்சாரத்தை அதிகம் வீணாக்காது என்பதற்கான 80 பிளஸ் சான்று உள்ள எஸ்எம்பிஎஸ் (உள்ளே எல்லாப் பாகத்துக்கும் மின்சாரம் தரும் பெட்டி). அடியில், ‘தனி கிராபிக்ஸ் கார்டு வேண்டாம்’ என்றும் எழுதி வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். ‘ஓகே மேடம், சத்தமே வராது’ என்று பதில் வந்தது. அந்தப் பதில் இன்னும் என்னிடம் இருக்கிறது.

பெட்டியை ஆன் செய்த உடனே காதுக்குள் கொசு புகுந்தது போல ஒரு ரீங்காரம். 4கே படம் ஒன்றைப் போட்டதும் அது இரைச்சலாகவே மாறிவிட்டது. மூடியைக் கழற்றிப் பார்த்தேன். வேண்டாம் என்று எழுதிய கிராபிக்ஸ் கார்டு உள்ளே இருந்தது. ஜிடி 730, பழைய சரக்கு. அதன் மேல் இரண்டு அங்குலம்கூட இல்லாத குட்டி விசிறி, இறக்கையின் ஓரங்களில் துடைத்தும் போகாத கறுப்புத் தூசி.

இது ஏன் வந்தது என்று டாஸ்க் மேனேஜரைத் திறந்ததும் புரிந்துவிட்டது. பிராசஸர் பெயர் 12100 அல்ல, 12100எஃப். கடைசியில் நிற்கும் அந்த ‘எஃப்’ எழுத்துக்கு, பிராசஸருக்குள் கிராபிக்ஸ் கிடையாது என்று பொருள். விலையும் குறைவு. ‘எஃப்’ போட்டால் திரையில் படம் வர ஏதாவது ஒரு கார்டு செருகியே ஆக வேண்டும், அதற்குத்தான் மூலையில் கிடந்ததை எடுத்துச் செருகியிருக்கிறார்கள். நான் கேட்ட 12100-இல் உள்ளேயே இருக்கும் யுஹெச்டி 730 கிராபிக்ஸ், ஹெச்இவிசி, விபி9, ஏவி1 என்ற முறைகளில் சுருக்கிய வீடியோக்களைத் தானே பிரித்துக் காட்டிவிடும். பிராசஸருக்கு வேலையே இருக்காது. ஜிடி 730-க்கு ஹெச்இவிசி தெரியாது. அந்த வேலை முழுக்கப் பிராசஸர் தலையில் விழுகிறது, அது சூடாகிறது, அதன் மேலிருக்கும் விசிறி வேகம் எடுக்கிறது. ஒரு பாகத்தை மாற்றியதில் இரண்டு விசிறிச் சத்தம். போதாததற்கு அந்தக் கார்டின் ஹெச்டிஎம்ஐ வழியே 4கே என்றால் நொடிக்கு 30 ஃபிரேம்தான் போகும். கிரிக்கெட் போட்டால் பந்து விட்டு விட்டு ஓடுகிறது.

கேபினெட் விசிறிகளிலும் இதே கதை. நான்கு பின் விசிறியை மதர்போர்டில் செருகினால், சூட்டைப் பொறுத்து போர்டு அதன் வேகத்தைக் கூட்டும், குறைக்கும். சத்தம் இல்லாத கம்ப்யூட்டருக்கு உயிர் இதில்தான் இருக்கிறது: பெரிய விசிறி, மெதுவான சுற்று. எனக்குப் போட்டுக் கொடுத்தது 80 மில்லிமீட்டர் விசிறிகள், அவற்றின் ஒயர் நேராக எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து வரும் பெரிய வெள்ளைக் கனெக்டரில். 12 வோல்ட் எப்போதும் முழுசாகப் போகும், விசிறியும் எப்போதும் முழு வேகத்தில்தான் ஓடும். மதர்போர்டில் விசிறிக்கான பின்கள் காலியாக நின்றுகொண்டிருந்தன. எஸ்எம்பிஎஸ் கேபினெட்டோடு இலவசமாக வருகிற ரகம், 80 பிளஸ் முத்திரை எங்கும் இல்லை.

எனக்கு அதிகம் வலித்தது ஹார்ட் டிஸ்க்தான். கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் பார்த்தால், 7200 சுற்று டிஸ்க், ஓடிய நேரம் 18,000 மணி நேரத்துக்கு மேல். இரண்டு வருடம் இரவு பகலாக எங்கேயோ ஓடிய டிஸ்க்கைப் புதிய விலைக்கு என்னிடம் விற்றிருக்கிறார்கள். அப்பாவின் பழைய கேசட்டுகளிலிருந்து மாற்றிய பதிவுகளை அதில்தான் போட்டு வைப்பதாக இருந்தேன்.

கடைக்காரருக்குப் போன் செய்தால், “கம்ப்யூட்டர்னா சத்தம் வரத்தானே செய்யும், ஃபேன் போட்டுட்டு உட்கார்ந்தா கேட்காது மேடம்” என்றார். எஃப் பற்றிக் கேட்டதும், “வீட்ல சார் யாராவது இருந்தா பேசச் சொல்லுங்க” என்றார். பட்டியலை எழுதியதே நான்தான் என்று சொன்னேன். லைனைத் துண்டித்துவிட்டார்.

பில்லை எடுத்துப் பார்த்தால், ‘ஐ3 கம்ப்யூட்டர் செட் – 1’ என்று ஒற்றை வரி. கேட்டதற்குப் பாகம் பாகமாக எழுதும் பில் பிறகு வரும் என்றார்கள், வரவேயில்லை. நீங்கள் போனால் ஒவ்வொரு பாகத்துக்கும் முழு மாடல் பெயரும் சீரியல் நம்பரும் எழுதிய பில் கைக்கு வந்த பிறகே பணத்தைக் கொடுங்கள். பாண்டியில் விலை குறைவு, பில் வேண்டாம் என்றால் இன்னும் குறைவு என்பார்கள். 2017 ஜூலை 1-லிருந்து ஜிஎஸ்டி இரண்டு ஊரிலும் ஒன்றுதான். கம்ப்யூட்டர் பாகங்களுக்கு 18 சதவீதம். பில் இல்லாமல் வாங்கினால் வாரண்டிக்கு அலைய வேண்டியது நீங்கள்தான். கடையிலேயே மூடியைத் திறந்து வைத்து ஆன் செய்யச் சொல்லுங்கள், பிராசஸர் பெயரையும் டிஸ்க் ஓடிய நேரத்தையும் அங்கேயே பாருங்கள். நேரக் கணக்கையே அழித்துவிட்டு விற்பவர்களும் உண்டு, அதனால் டிஸ்க்கின் சீரியல் நம்பரைத் தயாரித்த கம்பெனியின் தளத்தில் போட்டு வாரண்டித் தேதியையும் பார்த்துவிடுங்கள்.

அப்புறம், விசிறியே இல்லாத சின்னப் பெட்டி இருக்கிறது, அதை எடுத்துக்கொள்ளுங்கள் என்றும் சொல்வார்கள். அக்னி நட்சத்திரத்தில் நம் ஊர் அறைகளில் ஏசி இல்லாமல் அது படும் பாட்டை யோசித்துவிட்டு முடிவெடுங்கள். மெதுவாகச் சுற்றும் பெரிய விசிறி ஒன்று இருப்பது நல்லது.

‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது’ என்று பில்லில் அச்சடித்திருந்தாலும் பயப்பட வேண்டாம். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பில் தர மறுப்பதும், குறையுள்ள பொருளைத் திரும்ப எடுக்க மறுப்பதும் முறையற்ற வணிகம். கடை பாண்டியில் இருந்தாலும் நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், 5 லட்சம் ரூபாய் வரை கட்டணமும் இல்லை. நான் முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்தேன். வாட்ஸ்அப் பட்டியல், டாஸ்க் மேனேஜர் படம், கார்டின் போட்டோ எல்லாம் கொடுத்தேன். அதற்குப் பிறகு கடையிலிருந்து அவர்களாகவே கூப்பிட்டுப் பிராசஸரை மாற்றிக் கொடுத்தார்கள், கார்டையும் கழற்றிக்கொண்டார்கள். விசிறிகளை நானே 120-க்கு மாற்றி மதர்போர்டில் செருகிவிட்டேன். ஹார்ட் டிஸ்க்குக்கும் எஸ்எம்பிஎஸ்ஸுக்கும் இன்னும் பதில் இல்லை. வராவிட்டால் கடலூர் நுகர்வோர் ஆணையத்தில் மனுப் போடுவதாக இருக்கிறேன். இதே மாதிரி ஒற்றை வரி பில் யாராவது வைத்திருந்தால் எனக்குச் சொல்லுங்கள், மனுவோடு சேர்த்துக் கொடுக்கலாம்.