சமன்பாடு டைப் அடிக்க ஒரு கடை

காட்பாடி காந்தி நகரில், மாடிப்படிக்குக் கீழே இரண்டு கம்ப்யூட்டர் போட்ட டி.டி.பி. கடை. குறையும் சொல்லப்போவதால் பெயர் வேண்டாம். எம்.எஸ்சி. பிள்ளைகளுக்காக, காந்தத்தை மேலும் கீழும் பார்க்கும் குட்டி அம்புகளாக வைத்து விளக்கும் ஐசிங் மாதிரி பற்றி நான் கையால் எழுதிய 46 பக்கக் குறிப்பைக் கொடுத்திருந்தேன். (சமன்பாடு அடிக்கும் மென்பொருளான லேடெக்ஸைக் கற்றுக்கொள்ளுங்கள் என்று சொல்லிச் சொல்லி என் மகன் அலுத்துவிட்டான்.) சமன்பாடு இருந்தால் பக்கத்துக்கு 50 ரூபாய், இல்லாவிட்டால் 30.

படம் போடுவதில் அங்கிருக்கும் பெண் கெட்டி. 4-க்கு 4 என்று புள்ளி வைத்த சதுரக் கட்டம். புள்ளிக்கு ஓர் அம்பு, மேலே பார்த்தோ கீழே பார்த்தோ. "புள்ளிக் கோலம்தானே சார்" என்றார். அண்டைப் புள்ளிகளை இணைக்க முதலில் 24 கோடுதான் போட்டிருந்தார். ஓரத்துப் புள்ளிக்கும் நான்கு அண்டைப் புள்ளிகள் வேண்டும், வலது ஓரம் இடதோடும் மேல் ஓரம் கீழோடும் சேரும், ஆக 32 என்றேன். "அப்போ தாளைச் சுருட்டி, அப்புறம் வளையல் மாதிரி வளைக்கணும்" என்றவர், விட்டுப்போன எட்டையும் வளைத்துப் போட்டுவிட்டார். வகுப்பில் இதற்கு எனக்கு ஒரு மணி நேரம் பிடிக்கும்.

ஐசிங் 1925-இல் வெளியிட்ட, புள்ளிகள் ஒற்றை வரிசையில் இருக்கும் தீர்வை அடித்ததில் பிழையே இல்லை. வினை அடுத்த பகுதியில். புறக் காந்தப்புலம் இல்லாத இரு பரிமாண மாதிரியை 1944-இல் ஆன்சாகர் துல்லியமாகத் தீர்த்தார். தானாக எழும் காந்தமாக்கத்துக்கு 1952-இல் யாங் நிரூபித்த சூத்திரத்தில், அடைப்புக்குறியின் தலையில் இருக்கும் அடுக்கு 1/8. கடைத் தாளில் அது 18! சாய்கோடு எங்கோ விழுந்துவிட்டது. அடைப்புக்குறிக்குள் அரை என்று வைத்துப் பாருங்கள். 1/8 என்றால் 0.917, காந்தம் ஏறக்குறைய முழுசாக நிற்கிறது. 18 என்றால் இரண்டரை லட்சத்தில் ஒரு பங்குகூடத் தேறாது. காந்தம் மறையும் மாறுநிலை வெப்பநிலையை நெருங்கும்வரை தாக்குப்பிடித்து, அங்கே சரேலென விழுவதுதான் இந்த விடையின் அழகே. 30 பிரதி ஸ்பைரல் போட்ட பிறகு ஒரு மாணவிதான் கண்டுபிடித்தார்.

"ப்ரூஃப் நீங்கதானே சார் பார்த்தீங்க" என்றார் கடைக்காரர். நியாயம்தான். ஆனாலும் அந்தத் தாளை மட்டும் திருத்தி அடித்து, முப்பதையும் பிரித்துச் செருகித் தந்தார். காசு வாங்கவில்லை.

அடுத்து டைப் அடிக்கக் கொடுக்கப்போவது, பனிக்கட்டியில் ஹைட்ரஜன் அணுக்கள் எத்தனை விதமாக அமையலாம் என்று சதுரக் கட்டத்தில் எண்ணும், லீப் 1967-இல் தீர்த்த சதுரப் பனிக்கட்டி மாதிரி. அதன் விடையில் 4/3-இன் தலையில் 3/2 அடுக்கு உட்கார்ந்திருக்கிறது. சிவப்பு மையில் பெரிதாக எழுதி, சுற்றி வட்டமும் போட்டு வைத்திருக்கிறேன்.