16 அங்குல ஸ்க்ரோல் சா: 14 மாதம் ஓட்டிப் பார்த்தபின்

மெல்லிய பிளேடு மேலும் கீழும் ஓடி மரத்தில் வளைவுகளை அறுக்கும் இந்த ஸ்க்ரோல் சா மெஷினை வாங்கலாம். ஆனால் மெஷின் விலையை மட்டும் எண்ணி வைத்துக்கொண்டு வாங்கக் கூடாது. நல்ல பிளேடு, நழுவாத பிளேடு பிடிப்பான், ஆடாத மேசை. இந்த மூன்றுக்கும் இன்னொரு நான்காயிரம் ஒதுக்கினால்தான் இது உருப்படியாக வேலை செய்யும். நான் 13,800 ரூபாய்க்கு வாங்கினேன். அந்தப் பணம் திரும்பி வந்துவிட்டது, ஆனால் முதல் மூன்று மாதத்தில் அழுகை வந்த நாட்கள் உண்டு.

நான் தையல்காரி. கோயம்புத்தூர் சிங்காநல்லூரில் வீட்டு முன்னறையில் 19 வருடமாக ஜாக்கெட்டும் சுடிதாரும் தைக்கிறேன். பையனின் பள்ளி வேலைக்காக வாங்கிய கை ஃப்ரெட் சாவில் (மெல்லிய பிளேடு மாட்டிய கைவாள்) ஒரு மயிலை 4 மில்லிமீட்டர் பிளைவுட்டில் அறுத்தேன். மூன்று சாயங்காலம் ஆனது. அளவு கொடுக்க வந்த ஒரு அக்கா அதைப் பார்த்துவிட்டு, "எங்க வீட்டுப் பேரை இப்படி மரத்துல வெட்டித் தருவியா கண்ணு?" என்று கேட்டார். மெஷின் வாங்கும் எண்ணம் அன்றைக்குத்தான் வந்தது.

பிராண்டு பெயர் எழுதவில்லை. இந்த விலையில் வரும் 16 அங்குல மெஷின்களை அருகருகே வைத்துப் பார்த்தால் பலவும் ஒரே வார்ப்பு. பெயின்ட்டும் ஸ்டிக்கரும்தான் வேறு. அதனால் நான் எழுதுவது அந்த வகை முழுமைக்கும் பெரும்பாலும் பொருந்தும். ஜெர்மனியின் ஹெக்னர், டிவால்ட்டின் டி.டபிள்யூ. 788 போன்ற உயர்ந்த மெஷின்களை நான் தொட்டதில்லை. அவற்றோடு ஒப்பிடவும் மாட்டேன்.

தையல் தெரிந்தவர்களுக்கு இந்த மெஷின் அந்நியமாகத் தெரியாது. ஊசி இருக்க வேண்டிய இடத்தில் 5 அங்குல நீளப் பிளேடு மேலும் கீழும் போகிறது. துணியைத் திருப்புகிற அதே கை மரத்தைத் திருப்புகிறது. வேறுபாடு என்னவென்றால், தையல் மெஷினில் கீழே இருக்கும் பல் துணியைத் தானே இழுத்துக்கொள்ளும். இங்கே மரத்தை இழுக்க எதுவும் இல்லை. எவ்வளவு தள்ளலாம் என்பதை விரல்தான் கற்றுக்கொள்ள வேண்டும். அதிகம் தள்ளினால் பிளேடு பின்னால் வளையும், வெட்டு சாயும், கடைசியில் 'டக்' என்று அறுந்துவிடும். முதல் மாதம் 40 பிளேடு உடைத்தேன். இப்போது ஒரு பெயர்ப்பலகைக்கு மூன்று அல்லது நான்குதான் போகின்றன, அதுவும் மழுங்குவதால்.

கூர்மையான முனையில் திரும்பும் இடமும் தையலிலிருந்து மாறுபடும். தையலில் ஊசியை இறக்கி நிறுத்தி, பாதத்தைத் தூக்கித் துணியைத் திருப்புவோம். இங்கே பிளேடு ஓடிக்கொண்டேதான் இருக்கும். மரத்தை லேசாக நம் பக்கம் இழுத்து, பிளேடின் முதுகு வெட்டிய தடத்தில் உரசும்படி வைத்து, ஒரே சுற்றில் திருப்ப வேண்டும். தயங்கினால் அந்த இடத்தில் குழி விழும்.

மெஷினோடு வந்த பிளேடுகளின் இரு முனையிலும் குறுக்காகச் சிறிய பின் (குட்டிக் கம்பி) இருக்கும். மாட்டுவது சுலபம், ஆனால் நம் எழுத்துக்கு அது ஆகாது. 2 அங்குல உயரத்தில் 'இ' வெட்டினால் அதன் சுழிக்குள் இருக்கும் கண், அதாவது உள்வெளி, 4, 5 மில்லிமீட்டர்தான். பின் உள்ள பிளேடை உள்ளே நுழைக்க 3 மில்லிமீட்டருக்கு மேல் துளை போட வேண்டும். கண்ணே காணாமல் போய்விடும். பின் இல்லாத பிளேடுக்கு 1 மில்லிமீட்டரை ஒட்டிய துளை போதும். ஆகவே மெஷின் வாங்கும்போது முதல் கேள்வி, பின் இல்லாத பிளேடு மாட்ட முடியுமா என்பதாக இருக்கட்டும்.

என் மெஷினில் பின் இல்லாத பிளேடைக் கடித்துப் பிடிக்கவென்று ஒரு அடாப்டர் வந்தது. இரண்டாம் வாரமே திருகின் மரை தேய்ந்துவிட்டது. பிளேடு நடு வெட்டில் நழுவி, மெஷினின் மேல்கை (பிளேடின் மேல்முனையைப் பிடிக்கும் தண்டு) மட்டும் படபடவென்று அடித்தது. விற்றவர்களுக்குப் படம் எடுத்து அனுப்பினேன். 23 நாள் கழித்து அதே அடாப்டரை இன்னொன்று அனுப்பினார்கள், அதுவும் அதே மாதிரி தேய்ந்தது. கல்யாண முகூர்த்தத்துக்கு ஒப்புக்கொண்ட ஒரு வேலை அந்த 23 நாளில் கைவிட்டுப் போனது. அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது.

அதைச் சரிசெய்தது கணபதி பகுதியில் இருக்கும் ஒரு லேத் பட்டறை. கோயம்புத்தூரில் இருப்பதன் பெரிய வசதியே இதுதான். பட்டறைத் தம்பி அடாப்டரை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். "அக்கா, இந்த ஸ்க்ரூ நுனி உருண்டையா இருக்குங்க. பிளேடை ஒரே புள்ளியிலதான் கடிக்குது. நுனியைத் தட்டையா சீவி, கட்டையையும் இரும்புல போட்டுத் தர்றேன்." மேலுக்கும் கீழுக்குமாக இரண்டு, கையால் முறுக்கும் திருகோடு, 600 ரூபாய். அதற்குப் பிறகு நழுவல் இல்லை. ஒன்று மட்டும் செய்கிறேன்: புது பிளேடு எண்ணெய்ப் பசையோடு வரும், அதன் இரு முனையையும் உப்புத்தாளில் ஒரு இழுப்பு இழுத்துவிட்டு மாட்டுவேன்.

பிளேடைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வெட்டின் தரத்தில் பாதிக்கு மேல் பிளேடுதான். உள்ளூரில் டஜன் 120 ரூபாய்க்குக் கிடைத்ததை வாங்கிக் கஷ்டப்பட்டேன். இப்போது சுவிட்சர்லாந்தின் பேகாஸ் பிளேடு வரவழைக்கிறேன். விலை மூன்று மடங்குக்கு மேல், ஆனால் வெட்டிய ஓரத்துக்கு உப்புத்தாளே தேவைப்படாத நாட்கள் உண்டு. 18 மில்லிமீட்டர் தேக்குக்கு 5-ஆம் எண், மெல்லிய பிளைவுட்டுக்கு 1-ஆம் எண். பிளைவுட்டுக்கு ரிவர்ஸ் டூத் வகையைக் கேட்டு வாங்குங்கள். அதில் அடிப்பக்கப் பற்கள் சில மேல் நோக்கி இருக்கும். பலகையின் அடிப்பரப்பில் சிராய் பிய்யாது. தேக்கில் சிலிக்கா இருப்பதால் பிளேடு சீக்கிரம் மழுங்கும். பிளைவுட்டின் பசையும் அப்படித்தான்.

இன்னொன்று, பல பிளேடுகள் கோட்டை விட்டு ஒரு பக்கமாக இழுக்கும். பிளேடு செய்யும்போது ஒரு ஓரத்தில் பிசிறு தங்கிவிடுவதால் வரும் இழுப்பு அது. கை சரியில்லையோ என்று நான் பல நாள் மனம் நொந்தேன். மரத்தைச் சற்றே கோணலாக வைத்துத் தள்ளப் பழகியதும் கோடு நேரானது.

பிளேடு இறுக்கத்தை அளக்கக் கருவி எதுவும் வேண்டாம். விரல் நகத்தால் மீட்டுங்கள். தந்தி மாதிரி தெளிவாக ஒலித்தால் சரி. மொத்தையாகச் சத்தம் வந்தால் இன்னும் முறுக்குங்கள்.

அதிர்வு இந்த மெஷினின் பெரிய குறை. 400 முதல் 1600 வரை நிமிடத்துக்கு வெட்டு என்று எழுதியிருக்கிறார்கள்; 1200-ஐத் தாண்டினால் சாதாரண மேசை முழுக்க நடுங்குகிறது. என்னிடம் பழைய தையல் மெஷினின் வார்ப்பிரும்பு ஸ்டாண்டு இருந்தது. அதன் மேல் ஒன்றே கால் அங்குலப் பலகை போட்டு, ரப்பர் விரிப்பு வைத்து, நான்கு போல்ட்டால் இறுக்கினேன். மிதிபலகை மேல் ஒரு மணல் மூட்டை. இப்போது பக்கத்தில் வைத்த தண்ணீர் டம்ளர் அசையாது. பழைய தையல் மோட்டாரின் மிதி பெடலை இதற்கும் இணைக்கலாம் என்று நினைத்தேன், எலக்ட்ரீஷியன் தடுத்துவிட்டார். அது வேகத்தைக் குறைத்துக் கூட்டும் பெடல், இந்த மெஷினுக்குள்ளேயே தனி வேகக் கட்டுப்பாடு இருக்கிறது, இரண்டும் சேர்ந்தால் மோட்டார் போய்விடும் என்றார். வெறும் ஆன்-ஆஃப் கால் சுவிட்ச் மாட்டிக் கொடுத்தார். இரண்டு கையும் மரத்தின் மேலேயே இருக்க முடிவது பெரிய நிம்மதி.

மேசைத் தட்டின் சாய்வைக் காட்டும் அளவுகோலை நம்பாதீர்கள். என்னுடையது பூஜ்யம் காட்டும்போது இரண்டு டிகிரி சாய்ந்திருந்தது. மூலைமட்டத்தை வைத்துப் பாருங்கள். அது இல்லாவிட்டால், தடித்த துண்டு ஒன்றின் ஓரத்தில் சிறு கீறலாக வெட்டி, மரத்தைச் சுற்றி பிளேடின் பின்பக்கம் கொண்டுபோங்கள். அதே கீறலுக்குள் பிளேடு வழுக்கிக்கொண்டு போனால் தட்டு நேராக இருக்கிறது.

16 அங்குலம் என்பது பிளேடுக்கும் பின்தூணுக்கும் இடைப்பட்ட தூரம். 24 அங்குலப் பெயர்ப்பலகையை முழுதாகச் சுற்ற முடியாது. நான் ஒவ்வொரு சொல்லையும் தனித்தனியாக வெட்டிப் பின்பலகையில் ஒட்டுகிறேன்.

இனி விற்பனை. தமிழில் வீட்டுப் பெயர் வெட்டுவதுதான் என் வருமானத்தில் பெரும்பகுதி. இங்கே ஆங்கில மாதிரிப் படங்கள் எதுவும் உதவாது, ஏனென்றால் நம் புள்ளி அந்தரத்தில் நிற்கிறது. 'அன்னை இல்லம்' என்று எழுதிப் பாருங்கள், ன், ல், ம் என்று மூன்று புள்ளி. வெட்டி எடுத்தால் மூன்றும் தனியாகக் கீழே விழும். சிலர் புள்ளியைப் பின்பலகையில் தனியே ஒட்டுகிறார்கள். வெயிலிலும் மழையிலும் ஒரு வருடத்தில் உதிர்ந்து, அந்த வீட்டுப் பெயரே பிழையாகிவிடுகிறது. நான் எழுத்துகளுக்கு மேலே மெல்லிய கொடி ஒன்றை ஓடவிட்டு, புள்ளிகளை அதில் மொட்டு மாதிரி தொங்கவிடுகிறேன். அந்த ஒரு யோசனைக்கு இரண்டு மாதம் காகிதத்தில் வரைந்து பார்த்தேன். இன்றைக்கு என்னிடம் வருகிறவர்கள் அந்தக் கொடிக்காகத்தான் வருகிறார்கள்.

விலையை எழுத்துக் கணக்கில் மட்டும் சொல்லி முதலில் நஷ்டப்பட்டேன். 'ப' வெட்ட ஐந்து நிமிடம். மூன்று சுழி 'ண' என்றால் துளை போட்டு, பிளேடைக் கழற்றி, உள்ளே கோத்து, மறுபடி முறுக்க வேண்டும். இப்போது எழுத்துக்கு 140, உள்ளே இருக்கும் ஒவ்வொரு கண்ணுக்கும் கூடுதலாக 20 என்று வாங்குகிறேன். காரணம் சொன்னால் யாரும் பேரம் பேசுவதில்லை.

லேசரில் வெட்டிய எம்.டி.எஃப். (மரநாரை அழுத்திச் செய்த பலகை) பெயர்ப்பலகை இதைவிட மலிவாகக் கிடைக்கிறதே என்று கேட்பார்கள். கிடைக்கிறது, மெல்லிய பலகையில் நூறு ஒரே மாதிரி வேண்டுமென்றால் அங்கேதான் போக வேண்டும் என்று நானே அனுப்பிவிடுவேன். ஆனால் லேசர் எரித்து வெட்டுகிறது, ஓரம் கருகும். 18 மில்லிமீட்டர் தேக்கில் ஓரத்தின் ரேகை தெரிய வேண்டுமென்றால் வாள்தான். கொலு சமயத்தில் விற்கும் என் மயிலும் அப்படியே. மரத்தின் சொந்த நிறத்தையே வைத்துத் துண்டு துண்டாக வெட்டிச் சேர்க்கிறேன். மஞ்சளுக்குப் பலா, அடர்பழுப்புக்குப் பூவரசு, வெளிர்நிறத்துக்கு ரப்பர் மரம். சாயம் கிடையாது. எல்லாம் கதவு, ஜன்னல் செய்யும் பட்டறைகளில் கிலோ கணக்கில் வாங்கும் துண்டு மரம். ஈட்டி மரத்தில் கேட்டால் மறுத்துவிடுகிறேன். அந்த மரத்துக்கென்றே 1994-இல் தமிழ்நாட்டில் பாதுகாப்புச் சட்டம் வந்தது. பில் இல்லாத ஈட்டித் துண்டை வீட்டில் வைத்திருக்க எனக்கு மனமில்லை.

தூசியைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். மரத்தூசி புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பே வகைப்படுத்தியிருக்கிறது. முன்னறையில் துணியும் மரமும் ஒன்றாக இருக்கக் கூடாது என்று மெஷினைப் பின்கட்டுக்கு மாற்றினேன். என்95 முகக்கவசம் இல்லாமல் சுவிட்சைத் தொடுவதில்லை. வேம்பு அறுத்தால் அன்று இரவு முழுக்கத் தொண்டை கசக்கும், அதை விட்டேவிட்டேன். எண்ணெய்ப் பூச்சுக்கு ஆளிவிதை எண்ணெய் பயன்படுத்துகிறவர்கள் துடைத்த துணியைச் சுருட்டிப் போடாதீர்கள், தானே சூடாகித் தீப்பிடிக்கும். விரித்துக் காயப்போடுங்கள்.

கோட்டின் மேல் விழும் தூசியை ஊத மெஷினிலேயே ஒரு ரப்பர் துருத்தி உண்டு. எட்டாவது மாதம் அது வெடித்தது. உதிரி கிடைக்கவில்லை. மீன்தொட்டிக்குக் காற்று விடும் சிறிய பம்பை 350 ரூபாய்க்கு வாங்கிக் குழாயை இணைத்தேன். பழைய துருத்தியைவிட நன்றாக ஊதுகிறது. விளக்கும் மெஷினில் இல்லை, தையல் மெஷினின் காந்த விளக்கை எடுத்து மேல்கையின் உறையில் ஒட்டியிருக்கிறேன்.

மாதம் ஒன்றிரண்டு பொம்மை செய்து பார்க்க ஆசைப்படுகிறவர்கள் இதை வாங்க வேண்டாம். கை ஃப்ரெட் சா 250 ரூபாய், அதில் ஆறு மாதம் வெட்டுங்கள். வாரத்தில் எட்டு, பத்து மணி நேரம் ஒதுக்க முடியும், பக்கத்தில் ஒரு லேத் பட்டறை இருக்கிறது என்றால் தைரியமாக வாங்கலாம். பெட்டி வந்ததும் மேல்கையைப் பிடித்து இடவலமாக ஆட்டிப் பாருங்கள். ஆடினால் அன்றே திருப்பி அனுப்புங்கள். அடாப்டர் தேய்ந்தால் பட்டறையில் சரிசெய்யலாம், மேல்கையின் ஆட்டத்தை எந்தப் பட்டறையிலும் சரிசெய்ய முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை.

முதலில் கேட்ட அந்த அக்காவின் பலகை இந்த ஐப்பசியோடு ஒரு மழைக்காலம் பார்த்துவிட்டது. போன வாரம் அந்த வழியாகப் போனபோது நின்று எண்ணினேன். அவர் வீட்டுப் பெயரின் ஐந்து புள்ளியும் இருந்தன.