ரேம் காலியாக இருந்தும் "இடமில்லை" என்ற சேர்வர்: நீண்ட நாள் அனுபவம்

ஹட்டனில் ஒரு டியூஷன் நிலையத்தின் லினக்ஸ் சேர்வரைப் பார்த்துக்கொள்கிறேன். 8 ஜிபி ரேம் உள்ள பழைய கணினி. பாட வீடியோக்கள், மாதிரி வினாத்தாள்கள் எல்லாம் அதில்தான். கரண்ட் போனாலும் யூபிஎஸ் தாங்குவதால் மாதக்கணக்கில் அணையாமல் ஓடும். அப்படி ஓட ஓடத்தான் சிக்கல் தலைகாட்டியது. யூஎஸ்பி வைஃபையைக் கழற்றித் திரும்பச் செருகினால் வேலை செய்யாது. லாகில் "பேஜ் அலொகேஷன் ஃபெயிலியர், ஆர்டர் 5" என்று விழும். ரேமோ தாராளமாகக் காலி.

ரேம் "பக்கம்" எனப்படும் 4 கேபி துண்டுகளாகத்தான் பங்கிடப்படும். ஆர்டர் 5 என்றால் அப்படி 32 பக்கங்கள், மொத்தம் 128 கேபி, இடைவெளி இல்லாமல் அடுத்தடுத்து வேண்டும். தோட்டத்து லயத்தில் (வரிசை வீடுகளில்) பத்துக் காம்பரா, அதாவது அறை, காலியாகக் கிடந்தும், பக்கத்துப் பக்கத்தில் நாலு அமையாத நிலைமைதான் இது. ப்ராக் அடைவில் உள்ள, காலித் துண்டுகளை அளவு வாரியாக எண்ணிக் காட்டும் பட்டிஇன்ஃபோ கோப்பைத் திறந்தால் கண்ணாலேயே பார்க்கலாம். இடது ஓரத்தில் 4 கேபி துண்டுகள் ஆயிரக்கணக்கில் குவிந்திருக்கும். வலப்பக்கம், 4 எம்பி வரை போகும் பெரிய துண்டுகளுக்குரிய பத்திகளில் வரிசையாகப் பூச்சியம். ஆர்டர் 3 வரையான கோரிக்கைகளுக்கு, லினக்ஸின் மையப் பகுதியான கர்னல் விடாமல் முயலும். அதற்கு மேல் போனால் சீக்கிரமே கையை விரித்துவிடும்.

ரேமில் தங்கியிருக்கும் கோப்புப் பிரதிகளை (கேஷ்) காலிசெய்யும் ட்ராப் கேஷஸ் கட்டளையை, குறித்த நேரத்தில் தானாக ஓட்டும் கிரானில் போடச் சொல்பவர்கள் உண்டு. நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். கேஷ் போய்விட்டால் ஒவ்வொரு வீடியோவும் மறுபடி ஹார்ட் டிஸ்கிலிருந்து வரவேண்டும். வகுப்பே ஒரே நேரத்தில் திறக்கும்போது சேர்வர் திணறும். அப்புறம், அங்கங்கே விடுபட்ட பக்கங்கள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால்தானே ஒன்று சேரும்?

எனக்குக் கைகொடுத்தவை இரண்டு. கர்னல் எப்போதும் காலியாக வைத்திருக்க முயலும் ரேம் அளவான மின் ஃப்ரீ கேபைட்ஸை 131072க்கு, அதாவது 128 எம்பிக்கு, உயர்த்தினேன். டெபியன் 11க்கு மாறியதும் 5.10 கர்னல் வந்தது, 2020இல் 5.9இல் சேர்ந்த முன்கூட்டிய காம்பாக்ஷன் (சிதறிய காலி இடத்தை ஒன்றுசேர்ப்பது) அதில் இருக்கிறது. அதன் தீவிரத்தைச் சொல்லும் எண்ணின் இயல்பு அளவான 20ஐ 40 ஆக்கினேன். கோரிக்கை வரும்வரை காத்திராமல், நகர்த்தக்கூடிய பக்கங்களைப் பின்னணியிலேயே ஒருபக்கமாகத் தள்ளி இடத்தைச் சேர்த்துவைக்கிறது. 100 வைக்கவேண்டாம், சிபியு வீணாகும்.

இது முழுத் தீர்வு இல்லை. கர்னல் தன் சொந்தத் தேவைக்கு எடுக்கும் பக்கங்களில் பெரும்பாலானவற்றை நகர்த்த முடியாது. அப்படி ஒன்றே ஒன்று 2 எம்பி தொகுதிக்குள் உட்கார்ந்துவிட்டால் அந்தத் தொகுதி முழுதாகத் திரும்பாது. இந்தக் கலப்பைக் குறைக்கத்தான் கர்னல் உருவாக்குநர் மெல் கோர்மன், பக்கங்களை நகர்பவை, நகராதவை என்று பிரித்து வைக்கும் முறையைக் கொண்டுவந்தார், 2008இல் 2.6.24 கர்னலோடு வந்தது. காம்பாக்ஷன் இன்று பயன்படுவதே அந்தப் பிரிப்பு இருப்பதால்தான்.

இப்போது வலப்பக்கப் பத்திகளில் எப்போதும் சில எண்கள் நிற்கின்றன, வைஃபையும் மறுப்பதில்லை. 4 ஜிபி கணினியில் செய்பவர்கள் மின் ஃப்ரீ கேபைட்ஸை 64 எம்பியில் தொடங்குங்கள். ஒதுக்கிய அளவு உங்கள் கேஷிலிருந்துதான் குறையும்.