எடையைக் குறைக்க நீச்சல் குளத்தில் சேரலாமா? எங்கள் பகுதிக் குளத்தைப் பற்றிய மதிப்புரை

சென்னையின் தென்புறநகர் ஒன்றில், உடற்பயிற்சிக் கூடமும் நடைபாதையும் சேர்ந்த தனியார் வளாகத்துக்குள் இருக்கும் 25 மீட்டர் நீச்சல் குளத்தைப் பற்றியது இந்த மதிப்புரை. நீச்சல் கற்க வரும் பிள்ளைகளை விட்டுவிட்டால், இங்கே மாதச் சந்தா கட்டுபவர்களில் பெரும்பாலோர் எடையைக் குறைக்க வேண்டும் என்று வருபவர்களே. சேர்க்கையின்போது தரப்படும் துண்டறிக்கையிலும் அதுதான் முதல் வரியாக அச்சிடப்பட்டிருக்கிறது. ஆகவே, ஓடுகளின் பளபளப்பையும் லாக்கர் வசதியையும் பின்னுக்கு வைத்துவிட்டு, எடைக் கட்டுப்பாட்டுக்கு இந்தக் குளம் எந்த அளவுக்கு உதவுகிறது, அதே வளாகத்தில் இதைவிடக் குறைந்த செலவில் கிடைக்கும் ட்ரெட்மில்லையும் நடைப்பயிற்சியையும் விட இது மேலானதா என்பதையே முதன்மையாகப் பார்க்கிறேன்.

தண்ணீரைப் பொறுத்தவரை குறை சொல்ல இடமில்லை. ஆழமான முனையில் நின்று பார்த்தாலும் தரையில் உள்ள கறுப்புக் கோடு தெளிவாகத் தெரிகிறது. கண் எரிச்சல் இல்லை. ஷவரில் குளிக்காமல் யாரையும் இறங்க விடுவதில்லை. பருத்தி உடையோடு வருபவர்களைத் தயங்காமல் திருப்பி அனுப்புகிறார்கள். உயிர்காப்பாளர் ஒருவர் எப்போதும் கரையிலேயே இருக்கிறார்.

சிக்கல் நேரத்தில் இருக்கிறது. ஒரு பேட்ச் என்பது ஒரு மணி நேரம். எழுபது கிலோ எடையுள்ள ஒருவர் ஒரு மணி நேரம் நிதானமாக, ஆனால் நிற்காமல், ஃப்ரீஸ்டைல் நீந்தினால் சுமார் 400 கிலோ கலோரி செலவாகும். அதே ஆள் அதே நேரம் விறுவிறுப்பாக நடந்தால் சுமார் 300, மணிக்கு எட்டு கிலோமீட்டர் வேகத்தில் ஓடினால் ஏறக்குறைய 580. நடப்பதைவிட நீச்சல் மேல் என்று சொல்பவர்கள் இந்தக் கணக்கைத்தான் சொல்கிறார்கள். ஆனால் மாலை ஆறரை மணி பேட்ச்சில் நிற்காமல் நீந்துவது நடக்கிற காரியம் அல்ல. கயிறு கட்டிப் பிரித்த லேன் ஒன்றே ஒன்றுதான். அதிலும் கிக் போர்டைப் பிடித்துக்கொண்டு கால் உதைத்துப் பழகுபவர்கள் நடுவழியில் நின்றுவிடுகிறார்கள். மீதி இடத்தில், நான்கு வீச்சு போட்டதும் எதிரே யாராவது வருகிறார்கள். சுவரைத் தொட்டு மூச்சு வாங்குவது, வழி விடுவது, பக்கத்தில் இருப்பவரோடு இரண்டு வார்த்தை பேசுவது எல்லாவற்றையும் கழித்துவிட்டால், பலர் உண்மையில் நீந்துவது இருபது நிமிடத்தைத் தாண்டாது. இருபது நிமிட நீச்சலுக்குச் செலவாவது 135 கிலோ கலோரி அளவுதான். அதற்குப் பதிலாக வெளியே நடைபாதையில் ஒரு மணி நேரம் நடந்தவர் இரண்டு மடங்குக்கு மேல் செலவழித்திருப்பார். எடைக்காக ஒரு குளத்தைத் தேர்ந்தெடுப்பவர் எத்தனை சுற்று தடையின்றி நீந்த முடிகிறது என்பதை வைத்தே அதை மதிப்பிட வேண்டும் என்று நான் உறுதியாக நினைப்பது இதனால்தான்.

அடுத்தது பசி. நீந்திவிட்டுக் கரையேறியதும் வயிற்றைக் கிள்ளும் பசியை இங்கு வரும் அனைவரும் அறிவார்கள். வளாகத்தின் வாசலிலேயே பஜ்ஜி வண்டி நிற்பதற்கும் அதுவே காரணமாக இருக்கலாம். இது வெறும் மனப்பிரமை அல்ல. அமெரிக்காவின் ஃபுளோரிடாப் பல்கலைக்கழகத்தில் நடந்து 2005-இல் வெளியான ஓர் ஆய்வில், 20 டிகிரி குளிர்ந்த நீருக்குள் சைக்கிள் மிதித்த பின்னர், அதே ஆட்கள் 33 டிகிரி நீரில் மிதித்த நாளைவிட 44 சதவீதம் அதிகக் கலோரிகளை உண்டார்கள். செலவழித்த ஆற்றலோ இரு முறையும் ஏறக்குறைய ஒன்றுதான். எங்கள் ஊர்த் தண்ணீர் அவ்வளவு குளிர்வதில்லை என்றாலும், மார்கழிக் காலை பேட்ச்சில் இறங்கியவர்களுக்கு இதன் பொருள் புரியும். அதே வளாகத்து உணவகத்தில் சுண்டல், வேகவைத்த முட்டை, மோர் ஆகியவற்றை வைத்தால் நிர்வாகம் தன் துண்டறிக்கைக்கு நியாயம் செய்ததாக ஆகும். இப்போது அங்கே கிடைப்பவை மில்க் ஷேக்கும் பப்ஸும்தான்.

இந்த விஷயத்தில் ஆய்வுகளும் ஒரே குரலில் பேசவில்லை. உணவைக் கட்டுப்படுத்தாமல் உடற்பயிற்சி மட்டும் செய்த பருமனான இளம்பெண்களை வைத்துச் செய்து 1987-இல் வெளியான அமெரிக்க ஆய்வில், நடந்தவர்களுக்கும் சைக்கிள் ஓட்டியவர்களுக்கும் எடை குறைந்தது, நீந்தியவர்களுக்குக் குறையவில்லை. மாறாக, ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் 50 முதல் 70 வயது வரையிலான பெண்களை வைத்துச் செய்து 2010-இல் வெளியான ஆய்வில், ஓராண்டு முடிவில் நடந்தவர்களைவிட நீந்தியவர்களின் எடையே குறைந்திருந்தது. ஆனால் அந்த வித்தியாசம் ஒரு கிலோவுக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். நீச்சலைத் தூக்கி வைப்பவர்களும் ஒதுக்கித் தள்ளுபவர்களும் இந்த இரண்டையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

இத்தனையும் சொன்ன பிறகும், ஒரு சாராருக்கு இந்தக் குளத்தை நான் மனமாரப் பரிந்துரைக்கிறேன். கழுத்தளவு நீரில் நிற்பவரின் உடல் எடையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கைத்தான் கால்கள் தாங்குகின்றன. மூட்டுவலியால் நடக்கவே முடியாதவர்களுக்கும், எடை மிகுந்து ஓட முடியாதவர்களுக்கும் ட்ரெட்மில்லில் செலவாகும் கலோரிக் கணக்கைக் காட்டிப் பயனில்லை. அவர்களால் தொடர்ந்து செய்ய முடிகிற பயிற்சியே அவர்களுக்கு ஏற்ற பயிற்சி. காலை பதினொரு மணிக்கு நடக்கும் பெண்கள் பேட்ச் அப்படித்தான் இயங்குகிறது. படியில் கைப்பிடியைப் பற்றி ஒவ்வொரு காலாக இறங்கும் ஓர் அம்மா, தண்ணீர் மார்பைத் தொட்டதும் கைப்பிடியை விட்டுவிட்டு இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு வேகமாக நடக்கிறார். அந்த பேட்ச்சின் பெண் பயிற்சியாளர் நீச்சல் தெரியாதவர்களை அதட்டாமல், நீருக்குள் நடை, கால் உதைப்பு, பிறகு மூச்சு விடுதல் என்று படிப்படியாகக் கொண்டுபோகிறார். மாலை பேட்ச் பயிற்சியாளர்களிடம் இந்தப் பொறுமையைக் காண முடியவில்லை. பெரியவர்களை ஓரமாக விட்டுவிட்டு, போட்டிக்குத் தயாராகும் பிள்ளைகளிடமே நேரத்தைச் செலவிடுகிறார்கள்.

ஒன்றை மட்டும் சேர்க்கைக்கு முன்பே தெரிந்துகொள்வது நல்லது. நீர் நம் எடையைத் தாங்கிக்கொள்வதால், எலும்பு உறுதிக்கு நடையும் பளு தூக்குதலும் தரும் பயனை நீச்சல் தராது. வாரத்தில் மூன்று நாள் குளம், இரண்டு நாள் டம்பெல் என்று பிரித்துக்கொள்வது மூட்டு நலமாக உள்ளவர்களுக்குப் பொருந்தும். குளத்துக்கும் ஜிம்முக்கும் சேர்த்து ஒரே சந்தா என்ற ஏற்பாடு இங்கே இல்லாதது பெரிய குறை.

ஐந்துக்கு மூன்றரை தருகிறேன். கயிறு கட்டிய லேன்களை மூன்றாக்கி, அவற்றில் நிற்கக் கூடாது என்ற விதியைப் பயிற்சியாளர்கள் கண்டிப்போடு நடைமுறைப்படுத்தினால் நான்கரை தரத் தயங்க மாட்டேன். அதுவரை, எடைக்காகச் சேர விரும்புபவர்கள் மாலை பேட்ச்சைத் தவிர்த்து, கூட்டம் குறைந்த காலை ஐந்தரை மணி பேட்ச்சைக் கேட்டு வாங்குங்கள். சந்தா கட்டுவதற்கு முன் ஒரு நாள் கட்டணத்தில் இறங்கிப் பார்த்து, நிற்காமல் பத்து சுற்று போக முடிகிறதா என்று சோதித்துக்கொள்ளுங்கள்.